ரிப்பேர் செய்த இதய வால்வு எத்தனை வருஷம் தாங்கும்? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

எனக்கு மைட்ரல் வால்வை, அதாவது இதயத்தின் இடப்பக்க அறைகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள வால்வை, ரிப்பேர் செய்தது 2011ல். அதற்கு முன்பும் பின்பும் மும்பையில் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) டெக்னீஷியன் வேலைதான். அடுத்தவர் வால்வைத் தினமும் பார்க்கிறேன், என்னுடையதை வருஷத்துக்கு ஒரு முறை. கேள்விகள் நிறைய வந்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கார்டியாலஜிஸ்ட் சொல்லித்தான்.

மாட்டுங்காவிலிருந்து: அக்கா, அப்பாவுக்கு 61. மைட்ரல் வால்வை ரிப்பேர் செய்து ஒரு மாசம் ஆகிறது. எத்தனை வருஷம் தாங்கும்? மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வருமா?

தம்பி, முதலில் அப்பாவின் வால்வு எதனால் கெட்டது என்று பாருங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். மைட்ரல் வால்வு இரட்டைக் கதவு மாதிரி. முன் இதழ் ஒன்று, பின் இதழ் ஒன்று, இரண்டையும் கீழே இருந்து மெல்லிய நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கும். பின் இதழ் தளர்ந்தோ அதன் நூல் அறுந்தோ லீக் ஆனவர்களுக்குத்தான் (ரத்தம் பின்னோக்கிக் கசிவதுதான் லீக்) ரிப்பேர் மிக நன்றாக நிற்கிறது. கை தேர்ந்த சர்ஜன் செய்திருந்தால் 10 வருஷம் கழித்தும் 100 பேரில் 90 பேருக்கு மேல் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படுவதில்லை, 20 வருஷம் தாண்டி நடமாடுகிறவர்களும் இருக்கிறார்கள். முன் இதழோ இரண்டு இதழ்களுமோ கெட்டிருந்தால் அந்தக் கணக்கு கொஞ்சம் இறங்கும். ருமாட்டிக் காய்ச்சலால் (தொண்டைக் கிருமிக்குப் பிறகு வந்து இதயத்தைத் தாக்குகிற நோய்) கெட்டது என்றால் இன்னும் இறங்கும், ஏனென்றால் அந்த நோய் ஆபரேஷனுக்குப் பிறகும் இதழைத் தடிக்கவும் சுருங்கவும் வைத்துக்கொண்டே இருக்கலாம்.

அடுத்தது, ஆபரேஷன் முடிந்த அன்று லீக் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பது. நெஞ்சை மூடுவதற்கு முன்பே உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்துப் பார்த்திருப்பார்கள். அங்கே லீக் இல்லை, அல்லது துளிதான் என்றால் நல்ல தொடக்கம். முதல் மூன்று மாசத்துக்குள் எடுக்கிற எக்கோ ரிப்போர்ட்டை மட்டும் உயிர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இனி வருகிற ஒவ்வொரு எக்கோவையும் அதோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். எத்தனையோ பேர் அதைத் தொலைத்துவிட்டு என் முன்னால் வந்து நிற்கிறார்கள், "போன தடவை நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க" என்பதை வைத்து என்னால் எதையும் அளக்க முடியாது.

வாஷியிலிருந்து: ரிப்பேர் செய்து மூன்று வருஷம். போன வருஷம் லீக் 'டிரிவியல்' (துளி), இந்த வருஷம் 'மைல்டு' (கொஞ்சம்). இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தின் சதவீதம்) 62, இதயம் சுருங்கியபோது அளவு 33 மி.மீ. தூக்கமே வரவில்லை.

தூங்குங்கள் அம்மா. நான் தினமும் பார்க்கிறதைச் சொல்கிறேன். ஆளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஜெல் தடவி, விலா இடுக்கில் புரோபை வைத்தால், வால்வு மூடுகிற அந்த நொடியில் அதற்குப் பின்னால் நீலமும் மஞ்சளும் கலந்த ஒரு கீற்று பீய்ச்சும். அதுதான் லீக். அந்தக் கீற்று அன்றைய பி.பி.யைப் பொறுத்துக் கூடும், குறையும். ஸ்டேஷன் படியேறி, ஆட்டோவுக்குச் சண்டை போட்டு, 160 பி.பி.யோடு வந்து படுத்தால் டிரிவியலே மைல்டாகத் தெரியும். அதனால்தான் நான் பத்து நிமிஷம் உட்கார வைத்து, பி.பி. பார்த்து, அதையும் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மாதிரி மெஷினில் எடுங்கள். லீக் பெரிதாக இருக்கிறவர்களிடம் டாக்டர்கள் கவலைப்படுகிற எல்லை, இ.எஃப். 60 வரை இறங்குவதும், சுருங்கிய அளவு 40 மி.மீ.யைத் தொடுவதும். உங்களுக்கு லீக் மைல்டுதான், இரண்டு அளவும் அந்த எல்லையைத் தொடவில்லை. மைல்டிலிருந்து ஒரே வருஷத்தில் மாடரேட் (நடுத்தரம்) ஆனால் அப்போது தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

தாராவியிலிருந்து: தங்கைக்கு 24. ருமாட்டிக் வால்வு, ரிப்பேர் செய்தார்கள். இன்னும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி. வலிக்கிறது என்று அழுகிறாள், நிறுத்தலாமா?

கூடாது. இந்தப் பதிலில் எனக்குச் சந்தேகமே இல்லை. சர்ஜன் வால்வைத்தான் சரி செய்தார், தொண்டைக் கிருமி மறுபடி வருவதை அவர் தடுக்கவில்லை. அது வந்து ருமாட்டிக் காய்ச்சல் திரும்பினால் தைத்த இதழே மறுபடி பழுதாகும். வால்வு கெட்டவர்களுக்குக் கடைசியாகக் காய்ச்சல் வந்ததிலிருந்து 10 வருஷம் அல்லது 40 வயது, இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை போடச் சொல்வார்கள், சிலருக்கு ஆயுள் முழுக்க. ஊசி போடுகிற சிஸ்டரிடம் மெதுவாக இறக்கச் சொல்லுங்கள், வலி நிஜமாகவே குறையும்.

உங்கள் தங்கைக்கு மாற்று வால்வு வைக்காமல் கஷ்டப்பட்டு ரிப்பேர் செய்ததற்கும் காரணம் இருக்கும். உலோக வால்வு என்றால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை, கர்ப்பத்தில் அது குழந்தைக்கு ஆபத்து. திசு வால்வு இளம் வயதில் சீக்கிரம் தேய்ந்துவிடும். கல்யாணப் பேச்சு எடுக்கும் முன் அவளையும் கூட்டிக்கொண்டு கார்டியாலஜிஸ்டிடம் ஒரு முறை பேசுங்கள், அவள் இல்லாமல் பேசாதீர்கள்.

டோம்பிவிலியிலிருந்து: வால்வில் ரிங் வைத்திருக்கிறார்களாம். எதற்கு? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

கதவு நன்றாக இருந்தும் நிலைச்சட்டம் அகன்றுவிட்டால் இரண்டு கதவும் சேராது இல்லையா, அதே கதைதான். நாள்பட்ட லீக்கில் வால்வின் நிலைச்சட்டம் அகன்று போகும். அதை இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரத்தான் ரிங். பிரான்ஸ் நாட்டு சர்ஜன் அலேன் கார்பான்டியே கொண்டு வந்த யோசனை, 1983ல் அவர் தன் முறையை விளக்கி எழுதியது இன்றும் பாடம். பொதுவாக எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் ரிங்கின் பெயரும் நம்பரும் உள்ள கார்டை அங்கே காட்டிவிட்டு எடுங்கள்.

முலுண்டிலிருந்து: பக்கத்து வீட்டு மாமா ஆயுள் முழுக்க அசிட்ரோம் (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை) சாப்பிடுகிறார். எனக்கு மூன்று மாசத்தில் நிறுத்திவிட்டார்கள். தப்பா?

தப்பில்லை சார். அவருக்கு உலோக வால்வாக இருக்கும், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவில் உருவாக்கி 1990ல் முதலில் பொருத்திய சித்ரா வால்வைப் போல. அதற்கு மாத்திரையும், ரத்தம் உறைகிற வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். டெஸ்ட்டும் என்றென்றைக்கும் வேண்டும். ரிப்பேருக்குத் தையலும் ரிங்கும் சதையோடு சேரும் வரை, பெரும்பாலும் மூன்று மாசம். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறினால் மட்டும் தொடரச் சொல்வார்கள்.

சயனிலிருந்து: பல் பிடுங்க வேண்டும். பல் டாக்டர் "ரிப்பேர்தானே, முன்கூட்டி ஆன்டிபயாட்டிக் ஒன்றும் வேண்டாம்" என்கிறார்.

இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ரிங் என்பது வெளிப்பொருள், வாயிலிருந்து ரத்தத்தில் ஏறுகிற கிருமி அதில் போய் உட்காரலாம். பெரியவர்களுக்கு வழக்கம், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் அமாக்ஸிசிலின் 2 கிராம், அதாவது 500 மி.கி.யில் நான்கு. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்றாலும், தாராவித் தங்கை மாதிரி ஏற்கெனவே பெனிசிலின் ஊசியில் இருந்தாலும் சொல்லிவிடுங்கள், வேறு மருந்து தருவார்கள். ஈறு கிளறுகிற கிளீனிங்குக்கும் இது உண்டு.

அப்புறம் காய்ச்சல். 2014ல் எனக்கு நாலு நாள் விட்டு விட்டுக் குளிர் காய்ச்சல். வீட்டுப் பக்கத்து டாக்டர் நெஞ்சுத் தழும்பைப் பார்த்தும் கேட்காமல் ஆன்டிபயாட்டிக் எழுதினார், நானும் இந்த வேலையில் இருந்துகொண்டே வாயைத் திறக்காமல் விழுங்கினேன். பிறகு ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினால் ஒன்றும் வளரவில்லை. கிருமி இல்லையா, மருந்தில் மறைந்துவிட்டதா என்று யாருக்கும் சொல்ல முடியாமல் பதினொரு நாள் படுக்கையில் வைத்துத் திரும்பத் திரும்ப எக்கோ எடுத்தார்கள். வால்வு தப்பித்தது. காரணம் தெரியாத காய்ச்சல் இரண்டு மூன்று நாள் நீடித்தால் ஆன்டிபயாட்டிக்குக்கு முன் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள், டாக்டர் கோபித்தாலும் பரவாயில்லை.

கல்யாணிலிருந்து: ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். லோக்கல் ரயிலில் எப்போது ஏறலாம்?

நெஞ்செலும்பு ஒட்டப் பெரும்பாலும் எட்டு வாரமாவது ஆகும். மூன்று மாசம் வரை காலை 8 மணி கல்யாண் ஃபாஸ்ட் வேண்டாம். கையைத் தூக்கிக் கைப்பிடியில் தொங்குவதும், முட்டி மோதி இறங்குவதும்தான் ஆபத்து. மதியம் கூட்டமில்லாத ஸ்லோ வண்டியில் உட்கார்ந்து போங்கள். தண்ணீர்க் குடம், சிலிண்டர் பக்கமே போகாதீர்கள்.

செம்பூரிலிருந்து: ரிப்பேர் விட்டுப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்போது என்ன செய்வார்கள்?

சிலருக்கு மீண்டும் ரிப்பேர், சிலருக்கு மாற்று வால்வு, இரண்டாவது முறை திறக்க முடியாதவர்களில் சிலருக்குத் தொடை வழியாகக் கிளிப் போட்டு இரண்டு இதழ்களையும் சேர்த்துப் பிடிப்பார்கள். தெரிந்துகொள்ளும் வழி சாதாரணமானது. ஒரு தலையணை போதாமல் இரண்டு கேட்பது, இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, கால் வீக்கம், புதிதாக வருகிற படபடப்பு. சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனாலும் காட்டுங்கள், லீக்கின் வேகம் ரிங்கில் மோதி ரத்த அணுக்களை உடைக்கிறதோ என்று பார்ப்பார்கள். நான் என் ஸ்டேஷன் மேம்பாலத்தை வைத்துப் பார்க்கிறேன். 42 படி. நிற்காமல் ஏறி மேலே போனதும் பூக்காரம்மாவிடம் முழு வாக்கியமாக விலை கேட்க முடிகிறதா என்று பார்ப்பேன், முடியாத நாள் வந்தால் வருஷ எக்கோவுக்குக் காத்திருக்க மாட்டேன்.