வெரிலாக்-ஏ-வில் இரு பரிமாண அரே எரர் அடிக்கிறது. காற்றாலை மாடலுக்கு சிபி அட்டவணையை எப்படி வைப்பது?

பணகுடிப் பக்கத்துக் காற்றாலையை வெரிலாக்-ஏ-வில் (அனலாக் அமைப்புகளை மாடல் பண்ணும் மொழி) மாடல் பண்ணுகிறீர்கள் என்றதும் எழுதத் தோன்றியது. நானும் அந்தக் காற்று வாங்கி வளர்ந்தவன்தான்.

உங்கள் சிபி (காற்றின் ஆற்றலில் ஆலை எடுக்கும் பங்கு) அட்டவணை 4 × 10. இறக்கைச் சாய்வு (பீட்டா) 4, நுனிவேக விகிதம் (லாம்டா, அதாவது இறக்கை நுனியின் வேகம் ÷ காற்றின் வேகம்) 2 முதல் 11 வரை 10. சில சிமுலேட்டர்கள் அனலாக் பகுதியில் ஒற்றைப் பரிமாண ரியல் அரேயை மட்டும்தான் ஏற்கும். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். [0:39] என்று ஒரே அரே அறிவித்து, வரிசை*10 + நிரல் என்று எடுங்கள் (வரிசை பீட்டாவுக்கு, நிரல் லாம்டாவுக்கு, இரண்டும் 0-விலிருந்து). பந்திக்கு 10 இலை. 2 பந்தி முடிந்து 6 இலை தாண்டினால் 26.

இதுவரை சுலபம். வினை இனிமேல்தான். லாம்டா 8.7 என்றால் முதல் புள்ளியான 2-ஐக் கழித்து 6.7. அதை இன்டிஜரில் போட்டால், சி மொழி மாதிரி 6 ஆகாது. வெரிலாக் ரவுண்ட் பண்ணி 7 ஆக்கிவிடும். இன்டர்போலேஷன் (இரு புள்ளிகளுக்கு நடுவே மதிப்பைக் கணிப்பது) எடை 0.7-க்குப் பதில் -0.3. விளைவு, ஒவ்வொரு .5-லும் சிபி ஒரு குதி குதிக்கும், டிரான்சியன்ட் ரன் (நேரத்தோடு நகரும் சிமுலேஷன்) விடைக்குக் கன்வர்ஜ் ஆகாமல் திணறும். ஃப்ளோர் ஃபங்ஷன் (கீழே உள்ள முழு எண்ணைத் தருவது) போட்டுத்தான் மாற்ற வேண்டும். நிரலை 8-க்கு மேல் விடவும் கூடாது. 9-ஐ விட்டால் 'நிரல்+1' அடுத்த பீட்டாவின் முதல் மதிப்பை எடுத்துக்கொள்ளும். தட்டையான அரே என்பதால் பெரும்பாலும் எரரே வராது. சத்தமில்லாமல் தப்பு விடை.

என்னைக் கேட்டால், வெறும் வாசிப்புக்கு அரேயே வேண்டாம். டாலர் குறியோடு வரும் டேபிள்_மாடல் (ஃபைலிலிருந்து அட்டவணையைப் படிக்கும் ஃபங்ஷன்) பல பரிமாணத்தையும் தானே பார்த்துக்கொள்ளும். ஃபைலில் வரிக்கு வரி பீட்டா, லாம்டா, சிபி என்று எழுதினால் போதும். சிமுலேஷன் நடக்கும்போதே மதிப்புகள் மாறினால் மட்டும் அரே. (விஎச்டிஎல்-ஏஎம்எஸ் என்ற இன்னொரு மாடலிங் மொழியில் இந்தத் தொல்லையே கிடையாது, மேட்ரிக்ஸ் டைப் நேராகவே அறிவிக்கலாம். ஆனால் உங்கள் லேபில் அது ஓட வேண்டுமே!)

டேபிள்_மாடலின் கன்ட்ரோல் ஸ்ட்ரிங்கில் எக்ஸ்ட்ராபோலேஷனுக்கு (அட்டவணைக்கு வெளியே மதிப்பைக் கணிப்பது) ஆங்கில 'சி' எழுத்தைக் கொடுங்கள்; ஓரத்து மதிப்பையே அப்படியே வைத்துக்கொள்ளும். ஒன்றும் கொடுக்காவிட்டால் லீனியராக நீட்டும். ஆடி மாசம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று திடீரென்று அடித்தால், ரோட்டர் உடனே வேகம் பிடிக்காது; லாம்டா சட்டென்று 2-க்குக் கீழே இறங்கும். லீனியர் நீட்டலில் அங்கே சிபி மைனஸுக்குப் போய், காற்று ஓங்க ஓங்க ஆலை கரண்ட் குடிப்பதாக கிராஃப் வரும்.