அச்சடித்தால் பாக்கி குறைவது ஏன்? டீச்சர் பதில்கள்

கேள்வி: டீச்சர், நான் பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா மீன் ஏலக்கடை வைத்திருக்கிறார். படகுக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கியைக் கணக்குப் பார்க்க ஜாவாவில் ஒரு புரோகிராம் எழுதினேன். பட்டியலை ஒரு தடவை அச்சடித்தால் தொகை சரியாக வருகிறது. இன்னொரு தடவை அடித்தால் குறைந்துவிடுகிறது. ஃபங்ஷனல் புரோகிராமிங் கற்றுக்கொண்டால் இந்தத் தொல்லை இருக்காது என்கிறார் சீனியர் அக்கா. நிஜமா?
– மாணவி, தங்கச்சிமடம்

பதில்: நீ அனுப்பிய புரோகிராமை வரிவரியாகப் படித்து, கையாலேயே ஓட்டிப் பார்த்தேன். நண்டு 12 கிலோ, கிலோ 400 ரூபாய் என்று வைத்தேன். 4,800. அதில் 5 சதவீதத் தரகு 240 போக 4,560. இதுவரை சரி. ஆனால் தரகு கழிக்கும் வரியை, அச்சடிக்கும் ஃபங்ஷனுக்குள் போட்டிருக்கிறாய். கழித்து வந்த தொகையைப் பழைய ‘பாக்கி’யின் மேலேயே எழுதியும் விடுகிறாய். அதனால் இரண்டாவது தடவை அடிக்கும்போது 4,560-இல் மறுபடியும் 228 போய், 4,332 வருகிறது. பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டதற்கு, ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்தவர் 228 ரூபாய் இழக்கிறார்.

என் அப்பா பாம்பனில் ஓர் ஏலக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஒரு வரி தப்பாகிவிட்டால் அதை அழிக்க மாட்டார். குறுக்கே ஒரு கோடு, கீழே புதிதாக ஒரு வரி. பாக்கி எவ்வளவு என்று யாராவது கேட்டால், முதல் வரியிலிருந்து வரவையும் பற்றையும் கூட்டிக் கழித்துத்தான் சொல்வார். எத்தனை தடவை கேட்டாலும் அதே தொகை வரும். சின்ன வயதில் எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. ஹாஸ்கல் என்ற ஃபங்ஷனல் மொழியைப் படித்தபோதுதான் அப்பாவின் நோட்டு எனக்குப் புரிந்தது.

ஃபங்ஷனல் புரோகிராமிங்கின் அடிப்படையே அதுதான். எழுதிய மதிப்பை மாற்றுவதில்லை. பழையதிலிருந்து புதியதைக் கணக்கிடுகிறோம். ஒரே விவரத்தைக் கொடுத்தால் ஃபங்ஷன் எப்போதும் ஒரே விடையைத் தர வேண்டும். ஹாஸ்கலில் இதைக் கம்பைலரே, அதாவது நாம் எழுதியதை எந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளே, கண்காணிக்கும். திரையில் எழுதுவது, கோப்பை மாற்றுவது போன்ற வேலை செய்யும் ஃபங்ஷனின் டைப்பில், அதாவது அது எந்த வகை மதிப்பை வாங்கி எந்த வகையைத் தரும் என்ற குறிப்பில், ‘ஐஓ’ என்ற குறி இருக்கும். அந்தக் குறி இல்லாத தரகு ஃபங்ஷனுக்குள் அப்படி ஒரு வேலையை நுழைத்தால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே பிழை என்று நிறுத்திவிடும்.

அக்கா சொன்னது பெருமளவு சரி, முழுக்க அல்ல. 5-க்குப் பதில் 6 என்று எழுதினால் ஹாஸ்கலும் அப்பாவியாக 6 சதவீதம் கழிக்கும். இந்தக் கணக்கைச் சரிசெய்ய நீ ஜாவாவை விட வேண்டியதும் இல்லை. ‘பாக்கி’ என்ற மாறியையே தூக்கிவிடு. விற்பனையையும் கொடுத்த பணத்தையும் பட்டியலாக வை. கேட்கும்போதெல்லாம் அதிலிருந்து கணக்கிடு. 2014-இல் வந்த ஜாவா 8-இல் லாம்டாவும் (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) ஸ்ட்ரீமும் (பட்டியலை வரிசையாகக் கணக்கிடும் வசதி) இருக்கின்றன, அவையே போதும். அதற்கு முன், பழைய பட்டியல்களை எடுத்து யார் யாருக்குக் குறைவாகப் போனது என்று பார்த்து, அப்பாவிடம் சொல்லிவிடு. இதைத் தள்ளிப்போடாதே.

கேள்வி: இந்த மாதிரி மொழிகளும் கம்பைலர்களும் பல்கலைக்கழகங்களிலிருந்தே அதிகம் வருகின்றனவே, என்ன காரணம்?
– வாசகர், கீழக்கரை

பதில்: பலன் எப்போது வரும் என்று தெரியாத வேலைக்கு, பல வருஷம் பொறுத்திருக்கும் இடம் வேண்டும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ராபின் மில்னர் 1970-களில் எம்எல் மொழியை உருவாக்கியது விற்பதற்காக அல்ல. கணித நிரூபணங்களைக் கணினியில் சரிபார்க்க எல்சிஎஃப் என்ற கருவி செய்துகொண்டிருந்தார். அதற்குத் துணையாகப் பிறந்த மொழி அது. நாம் டைப்பை எழுதாவிட்டாலும் கம்பைலரே கண்டுபிடித்துக்கொள்ளும் வசதியை அந்த மொழி பரப்பியது.

ஹாஸ்கலின் கதை வேறு. அந்தக் காலத்தில் சோம்பல் முறையில், அதாவது விடை தேவைப்படும் வரை கணக்கிடாமல் இருக்கும் முறையில், ஒவ்வொரு ஆய்வுக் குழுவும் தனித்தனி மொழி வைத்திருந்தது. 1987-இல் போர்ட்லாந்தில் நடந்த மாநாட்டில், எல்லாரும் சேர்ந்து ஒரே மொழி செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். 1990-இல் முதல் அறிக்கை வந்தது. இன்று உலகம் பயன்படுத்தும் அதன் முக்கியக் கம்பைலர் ஜிஹெச்சி, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அந்தப் பெயரில் உள்ள ‘ஜி’யே கிளாஸ்கோதான்.

கம்பைலர் கட்டுவதற்கான பாகங்களின் தொகுப்பான எல்எல்விஎம்மையும் சொல்ல வேண்டும். 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் அவருடைய பேராசிரியர் விக்ரம் ஆத்வேயும் தொடங்கியது. இன்று ரஸ்ட், ஸ்விஃப்ட் இரண்டுமே அதன் மேல்தான் நிற்கின்றன.

ஜாவா மட்டும் தெரிந்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஜாவா 5-இல் வந்த ஜெனரிக்ஸ், அதாவது ஒரே நிரலைப் பல டைப்புகளுக்குப் பயன்படுத்தும் வசதி, ஃபங்ஷனல் மொழி ஆய்வாளர்களான வாட்லர், ஓடர்ஸ்கி உள்ளிட்டோர் செய்த ஜிஜே என்ற ஆய்விலிருந்து வந்தது.

கேள்வி: கம்பைலரே தப்பு செய்யுமா?
– மாணவர், தேவிபட்டினம்

பதில்: செய்யும். யூட்டா பல்கலைக்கழகத்தார் சிஸ்மித் என்ற கருவியால், கண்டபடி சி புரோகிராம்களை உருவாக்கிக் கம்பைலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் 325-க்கு மேற்பட்ட புதிய பிழைகளைக் கண்டு தெரிவித்ததாக 2011-இல் எழுதினார்கள். பரவலாகப் புழங்கும் ஜிசிசி, எல்எல்விஎம் கம்பைலர்கள் எதுவும் தப்பவில்லை.

அவர்கள் சோதித்தவற்றில் காம்ப்செர்ட் மட்டும் தனியாக நின்றது. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் சேவியர் லெராய் தலைமையில் செய்த சி கம்பைலர் அது. அது தரும் எந்திர மொழி மூல நிரலின் பொருளை மாற்றாது என்பதை, காக் என்ற கருவியில் கணித நிரூபணமாகவே எழுதியிருந்தார்கள். மற்ற கம்பைலர்களில் நிரலைச் சீராக்கும் நடுப்பகுதியில் அகப்பட்ட மாதிரிப் பிழைகள், நிரூபித்த அந்தப் பகுதியில் அகப்படவில்லை. நிரூபிக்காத ஓரங்களில் சில அகப்பட்டன. இதைப் படித்த அன்றைக்கு நான் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் இதையே பேசினேன்.

கேள்வி: எங்கிருந்து ஆரம்பிப்பது? என் லேப்டாப் பழசு, நெட்டும் மெதுவு. மீன்பிடித் தடைக்காலத்தில் படகு வேலை இல்லாததால் நேரம் இருக்கும்.
– இளைஞர், மண்டபம்

பதில்: 61 நாள் தாராளம். ஜிஹெச்சியை நிறுவினால் சில ஜிபி இடம் பிடிக்கும். உங்கள் கணினிக்கு ஓகேமல் லேசாக இருக்கும். எம்எல் குடும்பத்து மொழிதான் அது. நிறுவியதும், ஒரு வரி எழுதினால் உடனே விடை சொல்லும் திரை கிடைக்கும். முதல் வாரம் பட்டியல்களோடு மட்டும் பழகுங்கள். ஒரு நாள் ஏலத்தின் எடைகளையும் விலைகளையும் ஒரு பட்டியலாகக் கொடுத்து, மொத்தத் தொகையை ஒரே ‘ஃபோல்ட்’டில், அதாவது பட்டியலை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே விடையாக்கும் ஃபங்ஷனில், வரவழையுங்கள். ‘ஃபார்’ லூப் வேண்டாம். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.