புகார் கொடுத்ததற்காகக் கணக்கையே மூடிவிடுவதாக வங்கி மிரட்டினால் என்ன செய்வது?

கேட்டவரின் நிலைமை இது: சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை. ஏற்காட்டில் வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்கப் போனதில், பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. விடாமல் புகார் கொடுத்ததும், “இப்படியே பண்ணினா அக்கவுண்ட்டை க்ளோஸ் பண்ணிடுவோம்” என்று கிளையில் சொல்கிறார்கள்.

முதலில் இந்த இரண்டையும் பிரித்துவிடுங்கள். 10,000 ரூபாய் உங்கள் பணம், அதில் பேரத்துக்கு இடமில்லை. கணக்கு விஷயம் வேறு. காரணம் சொல்லி, முன்னறிவிப்பும் கொடுத்தால் வங்கி ஒரு கணக்கை முடித்துக்கொள்ள முடியும்; வேண்டாம் என்று நீங்கள் நிரந்தரமாகத் தடுப்பது கடினம். ஆனால் கணக்கை மூடினால் புகாரும் முடிந்துபோகும் என்பது பொய். அதை நம்புகிறவரிடம்தான் இந்த மிரட்டல் எடுபடும்.

பணத்துக்கு வருவோம். ஏடிஎம் யாருடையதாக இருந்தாலும் புகார் உங்கள் கார்டு வங்கியிடம்தான். ஏற்காட்டுக் கிளைக்கு மலையேற வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நீங்கள் கேட்காமலே. 45-ஆம் நாள் வந்தால் 10,000-உடன் 4,000 சேர்ந்து வர வேண்டும். “பணம் வெளியே வந்ததாகத்தான் பதிவு காட்டுகிறது” என்று பதில் வந்தால் அதோடு விடாதீர்கள். அந்த ஏடிஎம்மின் ஜர்னல் பதிவு (இயந்திரம் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் குறித்துவைக்கும் பதிவு), அன்றைய இருப்புச் சரிபார்ப்பில் உபரிப் பணம் இருந்ததா என்ற விவரம், சிசிடிவி காட்சி மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். சிசிடிவி பதிவு சில மாதங்களில் அழிந்துவிடும். அதனால் முதல் கடிதத்திலேயே அதைப் பாதுகாத்து வைக்கச் சொல்லிவிடுவது நல்லது.

கவுன்டரில் வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. “இன்ன தேதியில் என் கணக்கை மூடப்போவதாகச் சொன்னீர்கள், காரணத்தையும் தேதியையும் எழுத்தில் தரவும்” என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட், கூடவே வங்கியின் குறைதீர் மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி. பெரும்பாலும் பேச்சு அங்கேயே அடங்கிவிடும். (கணக்கு முடங்கும் என்று லிங்க்குடன் எஸ்எம்எஸ் வந்தால் தொடாதீர்கள், அது மோசடிக்காரன் வேலை.)

கடிதம் கொடுக்கும் முன் உங்கள் பக்கம் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சேலத்தில் சின்னப் பட்டறைகள் பலவும் சேமிப்புக் கணக்கிலேயே வியாபார வரவு செலவை ஓட்டுகின்றன. வங்கிக்குக் கையில் கிடைக்கும் முதல் காரணம் அதுதான்: கணக்கின் நோக்கத்துக்குப் பொருந்தாத வரவுகள். அடுத்தது புதுப்பிக்காத கேஒய்சி. கேஒய்சியை இன்றே முடியுங்கள், வியாபாரத்துக்கு வேறொரு வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்குங்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர். தாமதிக்காமல் போங்கள், அதற்கும் கால வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் பதியலாம், அல்லது தபாலில் அதன் சண்டிகர் மையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. சந்தேகத்துக்கு ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: “என் கணக்கை மூடக் கூடாது” என்று மட்டும் எழுதினால், அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளுபடியாகலாம். வராத பணம், இழப்பீடு, காரணமோ அறிவிப்போ இல்லாத மிரட்டல் என்று சேவைக் குறைபாடாக எழுதுங்கள். பணம் வந்து சேர வேண்டிய மாற்றுக் கணக்கு எண்ணையும் குறிப்பிடுங்கள். அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் ஏற்கமாட்டார், அதனால் அங்கே முதலில் ஓடாதீர்கள்.

இதற்கிடையில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு: நீங்கள் வெள்ளிக்காரருக்கும் ஃபைனான்ஸுக்கும் வரப்போகும் தேதி போட்டுக் கொடுத்து வைத்திருக்கும் செக்குகள். ‘கணக்கு மூடப்பட்டது’ என்று செக் திரும்பினாலும், செக் பணமாகாமல் திரும்புவதைக் குற்றமாக்கும் 138-ஆவது பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. வங்கிதான் மூடியது என்று விளக்கிக்கொண்டு கோர்ட்டு படியேற வேண்டிவரும். எனவே வெளியே இருக்கும் ஒவ்வொரு செக்குக்கும் பதிலாகப் புதுக் கணக்கின் செக் கொடுத்து, பழையதைக் கையில் திரும்ப வாங்குங்கள். தேதி போட்ட செக்குக்கு மூன்று மாதம்தான் ஆயுள் என்றாலும், இன்னும் வராத தேதி போட்டதற்கு அந்த மூன்று மாதம் தொடங்கவே இல்லை.

அடுத்து இஎம்ஐ, எல்ஐசி, சீட்டு போன்ற தானியங்கிப் பிடித்தங்களைப் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். வீட்டுப் பெண்களின் உரிமைத் தொகையோ கேஸ் மானியமோ இந்தக் கணக்கில் விழுந்தால், ஆதார் இணைப்பைப் புது வங்கிக்கு மாற்றும் படிவத்தை அங்கே கொடுங்கள். பழைய ஸ்டேட்மென்ட்டுகளை இப்போதே பிடிஎஃப் எடுத்துவிடுங்கள். மூடியபின் நெட்பேங்கிங் திறக்காது.

குறைந்தபட்ச இருப்பு அபராதத்தைக் காட்டி, மூடும்போது “மைனஸில் இருக்கிறது, கட்டு” என்பார்கள். அந்த அபராதத்தால் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது 2015-லிருந்தே விதி. ஆனால் அதே வங்கியில் கடன் பாக்கி இருந்தால் உங்கள் இருப்பில் கழித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. மீதி வட்டியுடன் புதுக் கணக்குக்கு வந்ததா என்று பார்த்து, கணக்கு முடிப்புக் கடிதத்தில் “ஏடிஎம் புகார் நிலுவையில் உள்ளது” என்ற வரியை எழுத வைத்து வாங்குங்கள். “அனைத்தும் தீர்ந்தது” என்று அச்சடித்த படிவத்தை நீட்டினால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.