சட்டையைக் கழற்றச் சொல்லும் சன்னதி, தலையை மூடச் சொல்லும் சன்னதி

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “மே மாத விடுமுறையில் திருச்செந்தூர், கன்னியாகுமரி, சுசீந்திரம், திருவனந்தபுரம், குருவாயூர் என்று குடும்பத்தோடு கிளம்புகிறோம். என் கணவருக்கு இரண்டு வருடம் முன்பு இதய அறுவை சிகிச்சை நடந்தது. நெஞ்சில் நீளத் தழும்பு. பலர் முன்னால் சட்டையைக் கழற்ற அவருக்குக் கூச்சம். மகள் கல்லூரியில் படிக்கிறாள், சுடிதார்தான் போடுவாள். மகனுக்குப் பத்து வயது. மாமியார் சேலை, அவரைப் பற்றிக் கவலையில்லை. எங்கே என்ன உடை வேண்டும்? வருட முடிவில் திருப்பதியும் பூரியும் போக எண்ணம், அதையும் சொல்லுங்கள்.”

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் இருவருக்கும் வெள்ளை வேட்டியும் அகலமான மேல்துண்டும், மகளுக்குத் தளர்வான சுடிதாரும் துப்பட்டாவும், கூடவே ஒரு நாலு முழ வேட்டியும். இவ்வளவையும் தனிப் பையில் போட்டு, பெட்டியின் அடியில் புதைக்காமல் கைக்கு எட்டும்படி வையுங்கள். நீங்கள் சொன்ன ஐந்து ஊருக்கும் இது போதும்.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். பயணத்தில் உங்களை உறுத்துவது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது.

திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையையும் பனியனையும் கழற்றிவிட்டுத்தான் முருகனைப் பார்க்க உள்ளே போக வேண்டும். கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலிலும், சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலிலும் அப்படியே. நம் ஊர்க் கோயில்களுக்கு மட்டும் போய்ப் பழகியவர்கள் முதலில் திகைப்பது இங்கேதான். தமிழ்நாட்டுக்குள்தானே இருக்கிறோம், இதென்ன கேரளா மாதிரி என்று கேட்பார்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. எல்லைக் கோடு மாறியது, கோயில் வழக்கம் மாறவில்லை. நாகர்கோவில் நாகராஜா கோயில், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் எல்லாமே அந்த வழக்கத்தைச் சேர்ந்தவை. ஆனால் திருச்செந்தூர் அந்த மாவட்டத்தில் இல்லை, தூத்துக்குடி மாவட்டம். ஆகவே மாநிலத்தை வைத்தோ மாவட்டத்தை வைத்தோ கணக்குப் போடாதீர்கள், ஒவ்வொரு கோயிலையும் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிதம்பரத்தில் ஒரே கோயிலுக்குள்ளேயே இரண்டு வழக்கம்: பிராகாரத்தில் சட்டையோடு நடக்கலாம், நடராஜர் சன்னதி முன்னால் உள்ள மேடையான கனகசபையில் ஏறும்போது ஆண்கள் கழற்றிவிட வேண்டும்.

சரி, தழும்பு. குருவாயூரில் ஆண்கள் மார்பை மூடும் சட்டை, பனியன் போடக்கூடாது என்பது விதி. ஆனால் அதே வழக்கம் சின்ன மேல்துண்டை மார்பின் மேல் போட்டுக்கொள்ள இடம் தருகிறது. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலிலும் முண்டு, அதாவது கேரள வேட்டி, கட்டி அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். திருச்செந்தூரிலும் துண்டைத் தோளில் போட்டு வருகிறவர்கள் ஏராளம். உங்கள் கணவருக்கு முகம் துடைக்கும் துண்டு வேண்டாம். இரண்டு தோளையும் மூடி முன்பக்கம் தொங்குகிற அளவுக்குப் பருத்தி அங்கவஸ்திரமாக வாங்குங்கள். சுசீந்திரம் போன்ற இடத்தில் துண்டையும் எடுக்கச் சொன்னால், வாசலில் நிற்பவரிடம் ஒதுங்கி நின்று விஷயத்தைச் சொல்லுங்கள். நெஞ்சில் கைவைத்து “ஆபரேஷன்” என்ற ஒரு வார்த்தை போதும், அது எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

யாத்திரைக் குழுக்களைப் பல வருடமாக இந்த வழியில் கூட்டிப்போகிறவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்கிற ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களைப் பாருங்கள். நெஞ்சு நடுவே கோடு, வயிற்றில் தையல், தோளில் பழைய தீக்காயம் என்று ஒவ்வொரு உடம்பிலும் ஏதாவது இருக்கும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, எல்லார் கண்ணும் முன்னால் எரிகிற விளக்கில்தான். என் குழுவில் வந்த ஒருவர் சுசீந்திரம் மண்டபத்துத் தூணருகே வெகு நேரம் பொத்தானில் கைவைத்தபடி நின்றார். பக்கத்தில் ஒரு பெரியவர் தன் சட்டையை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அவர் மார்பிலும் அதே கோடு. இவர் அதைப் பார்த்தார், தன் சட்டையைக் கழற்றினார், அவர் பின்னாலேயே போய்விட்டார். கணவரிடம் இதைச் சொல்லுங்கள். அதற்கு மேல் வற்புறுத்த வேண்டாம்.

மகளுக்கு இந்தப் பயணத்தில் கவனிக்க வேண்டிய ஒரே இடம் திருவனந்தபுரம். திருச்செந்தூர், கன்னியாகுமரி, சுசீந்திரத்தில் துப்பட்டாவோடு சுடிதார் போட்டால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. குருவாயூரிலும் 2007 முதல் சுடிதாரை அனுமதிக்கிறார்கள். அதற்கு முன் சேலை, முண்டும் நேரியதும் என்ற கேரள இரட்டைத் துணி உடை, சிறுமிகளுக்குப் பாவாடை சட்டை மட்டும்தான். பத்மநாப சுவாமி கோயிலில் சுடிதாரோடு நேராகப் போக முடியாது, அதன் மேலே இடுப்பைச் சுற்றி ஒரு முண்டு கட்ட வேண்டும். 2016 நவம்பரில் அப்போதைய நிர்வாக அதிகாரி சுடிதாருக்கு நேரடி அனுமதி கொடுத்தார். வாசலிலேயே எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம், ஆசார விஷயத்தில் கோயிலின் தலைமை அர்ச்சகரான தந்திரியின் வார்த்தைதான் முடிவு என்று சொல்லி அந்த உத்தரவை ரத்து செய்தது. அதனால் பழைய வழக்கமே தொடர்கிறது.

அந்த நாலு முழ வேட்டி இதற்குத்தான். கோயில் வாசல் பக்கம் முண்டு கிடைக்கும், ஆனால் காலைக் கூட்டத்தில் அவசரமாக வாங்கி, அவசரமாகக் கட்டி, வரிசையில் அவிழ்ந்து, பிள்ளை முகம் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே ஒரு தடவை கட்டிப் பழகட்டும். சுடிதார் டாப்ஸை முதலில் இடுப்புவரை தூக்கிக்கொண்டு, வேட்டியை இடுப்பில் இறுக்கிச் சுற்றிச் செருகிவிட்டு, அப்புறம் டாப்ஸை மேலே இறக்கிவிட வேண்டும். டாப்ஸின் மேலேயே சுற்றினால் பத்து அடிக்குள் வழுக்கும். ஜீன்ஸ், லெக்கின்ஸ் இரண்டையும் இந்தப் பயணத்துக்கு வீட்டிலேயே வைத்துவிடலாம்.

மகனுக்குக் குருவாயூரில் அரைக்கால் சட்டை பரவாயில்லை, மேல்சட்டை மட்டும் கூடாது. திருவனந்தபுரத்தில் அவனுக்கும் சின்ன வேட்டி கட்டிவிடுங்கள். ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி என்றால் உங்களுக்கு நிம்மதி. கைலி எங்கேயும் வேண்டாம்.

இவ்வளவும் ஏன் என்று மகள் கேட்பாள், கேட்க வேண்டும். பெரியவர் முன்னால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவது நம் பக்கத்துப் பழைய மரியாதை. இன்றைக்கும் சன்னதி வாசலில் கிராமத்துத் தாத்தாக்களின் கை தானாகத் தோளுக்குப் போகும். கேரளத்தில் அதே மரியாதை சட்டையில்லாத மார்பாக நின்றுவிட்டது. பக்தியோடு அதைச் செய்கிறவரை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு மற்றொரு முகமும் உண்டு. மேலாடை இல்லாமல் நிற்பது தெற்குத் திருவிதாங்கூரில் சாதிக்குக் காட்டும் பணிவாகவும் கட்டாயப்படுத்தப்பட்டது. நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல ஆண்டுகள் போராடி, 1859-ல் மன்னரின் ஆணையால் மேலாடை உரிமை பெற்றார்கள். அது நடந்தது நீங்கள் போகப்போகிற இதே மண்ணில்தான்.

அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. 2024 டிசம்பர் கடைசி நாளில் நாராயண குரு வழிவந்த கேரளச் சிவகிரி மடத்தின் சுவாமி சச்சிதானந்தா, ஆண்கள் சட்டை கழற்றும் வழக்கம் பூணூல் இருக்கிறதா என்று பார்க்க வந்தது, அதைக் கைவிட வேண்டும் என்று பேசினார். அப்போது கேரள முதலமைச்சராக இருந்த பினராயி விஜயன் அதே மேடையில் ஆதரித்தார். நாயர் சமூக அமைப்பான நாயர் சர்வீஸ் சொசைட்டி எதிர்த்தது. என் கருத்தைக் கேட்டால், சட்டையோடு வணங்குவதில் எந்தக் குறையும் இல்லை, கோயில்கள் அதை மனமுவந்து ஏற்கும் நாள் வர வேண்டும். அதுவரை, விருந்தாளியாகப் போகிற வீட்டில் அந்த வீட்டு வழக்கப்படி நடப்பேன்.

தமிழ்நாட்டில் இதற்குப் பொதுவிதி உண்டா என்றால், ஒரு முறை முயற்சி நடந்தது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தனி நீதிபதி ஒருவர் உடைக் கட்டுப்பாடு விதித்தார்: ஆண்களுக்கு வேட்டி, பைஜாமா அல்லது சாதாரண பேன்ட் சட்டை, பெண்களுக்குச் சேலை, தாவணி, துப்பட்டாவோடு சுடிதார். 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த மாதமே இரண்டு நீதிபதிகள் அமர்வு அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தச் சில வாரங்களில் பழனியில் ஜீன்ஸோடு வந்த இளைஞர்கள் மலையடிவாரத்தில் வேட்டி தேடி அலைந்ததை நானே பார்த்தேன்.

வடக்கே போனால் எல்லாம் தலைகீழ். அமிர்தசரஸ் துர்கியானா கோயிலில் ஆணும் பெண்ணும் தலையை மூடிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள்; ஆண்கள் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொள்வார்கள். நம் ஊரில் சாமி முன்னால் தலைப்பாகையை அவிழ்ப்பது மரியாதை, அங்கே தலையை மூடுவது மரியாதை. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசப் பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டுதான் கும்பிடுவார்கள். உஜ்ஜயினி மகாகாலேஸ்வரர் கோயிலில் விடியலுக்கு முன் நடக்கும் பஸ்ம ஆரத்தியில், லிங்கத்துக்குத் திருநீறு சாற்றும் நேரத்தில் பெண்களை முக்காட்டை முகத்துக்கு மேல் இறக்கிக்கொள்ளச் சொல்வார்கள். மகாராஷ்டிரத்தில் எல்லோரா பக்கத்து கிரிஷ்ணேஷ்வர் சிவன் கோயிலில் மறுபடி நம் தெற்கு வழக்கம் மாதிரி: கருவறைக்குள் போக ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும்.

ஈரத்துணி விஷயமும் அப்படித்தான். குருவாயூர்க் குளத்தில் முங்கி ஈர முண்டோடு தொழுவதைச் சுத்தம் என்கிறார்கள். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு அதே ஈரத்தோடு சன்னதிக்குப் போனால் நிறுத்திவிடுவார்கள், உடை மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

பூரிக்கு வேட்டி தேவையில்லை, பேன்ட் சட்டை போதும், சட்டையையும் கழற்றச் சொல்வதில்லை. 2024 ஜனவரி 1 முதல் அரைக்கால் சட்டை, கிழிந்த ஜீன்ஸ், கையில்லாத மேலாடை, குட்டைப் பாவாடை கூடாது. மகன் அங்கே முழு பேன்ட் போடட்டும். தோல் பொருள் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதைத்தான் நம்மவர்கள் மறக்கிறார்கள். கணவரின் பெல்ட்டும் தோல் பர்ஸும் அறையிலேயே இருக்கட்டும், பணத்துக்குத் துணிச் சுருக்குப்பை வாங்குங்கள்.

திருமலையில் 300 ரூபாய் சிறப்பு தரிசனத்துக்கும் கட்டணம் கட்டிக் கலந்துகொள்ளும் ஆர்ஜித சேவைகளுக்கும் பாரம்பரிய உடை வேண்டும்: ஆண்களுக்கு வேட்டி அல்லது குர்தா பைஜாமா, பெண்களுக்குச் சேலை, தாவணி அல்லது துப்பட்டாவோடு சுடிதார். சட்டை போட்டுக்கொள்ளலாம், கணவருக்கு அங்கே கவலையே இல்லை. ஆனால் மாமியாரைப் பற்றிக் கவலையில்லை என்று எழுதியிருந்தீர்களே, அங்கே அவருக்குத்தான் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். திருமலையில் பூவெல்லாம் பெருமாளுக்கே என்பது வழக்கம், அதனால் பெண்கள் தலையில் பூ வைப்பதில்லை. வாழ்நாள் முழுக்கப் பூவோடு கோயிலுக்குப் போனவரிடம் மலைமேல் வைத்து எடுக்கச் சொன்னால் மனசு சங்கடப்படும். கிளம்பும் முன்பே வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். தரிசனம் முடித்து மலை இறங்கியதும் முதல் பூக்கடையில் வண்டியை நிறுத்துங்கள்.