சட்டத்தரணியிடம் கேளுங்கள்: பெற்றவள் கையெழுத்து வேண்டாமா?

கேள்வி: லண்டனில் வேலை செய்யும் என் மகனுக்கு 31 வயது, கலியாணம் ஆகவில்லை. மூன்று கிழமையாக நித்திரை இல்லாமல், யாரோ கொல்ல வருகிறார்கள் என்று கதவைப் பூட்டிக்கொண்டு சத்தம் போட்டிருக்கிறான். டொக்டரும் பொலிஸும் வந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்களாம். லெஸ்டரில் இருக்கும் மகள் இரவு இரண்டரைக்கு எடுத்து “செக்‌ஷன் நாலு” என்றாள். வழக்குப் போட்டுவிட்டார்களா, ஐயா? என்னிடம் ஒரு கையெழுத்துக்கூடக் கேட்கவில்லையே?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: வழக்கு இல்லை, அம்மா. பொலிஸ் துணைக்கு வந்தது, அவ்வளவுதான். உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. இங்கே இலங்கையில் மனநோயாளர் விஷயத்தில் 1873இல் வெள்ளைக்காரன் போட்ட கட்டளைச் சட்டம்தான் திருத்தங்களோடு ஓடுகிறது. அதில் மாவட்ட நீதிமன்ற விசாரணையும் உண்டு. நீதிமன்ற வாங்கில் மகனை உட்கார வைத்துவிட்டு, அவன் கையை விடாமல் அழுத தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் உள்ளே எடுப்பதற்கு நீதிபதி தேவையில்லை.

அங்கே 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, இரண்டாவது டொக்டருக்காகக் காத்திருக்க நேரமில்லாத அவசரத்துக்கு. ஒரு டொக்டரின் பரிந்துரை போதும். விண்ணப்பத்தை அதற்கென்று அங்கீகாரம் பெற்ற மனநல அலுவலர் போடலாம், அல்லது நெருங்கிய உறவினர் போடலாம். 72 மணி நேரம் மட்டும். மகன் சம்மதிக்காமல் மனநோய்க்கு மருந்து கொடுக்க இந்தப் பிரிவு அதிகாரம் தராது.

கையெழுத்து விஷயம் கேட்டால் மனம் நோகும், ஆனாலும் சொல்கிறேன். மனைவி, பிள்ளை, தாய் தகப்பன், சகோதரர் என்று சட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது. ஆனால் மகன் அங்கே வசிப்பவர் என்றால், அந்த நாட்டில் வசிக்காத உறவினரைச் சட்டம் கணக்கில் எடுக்காது. தகப்பனும் இங்கேதான் என்றால், தனியாள் மகனுக்கு நெருங்கிய உறவினர் உங்கள் மகள்தான். பெற்ற வயிறு உப்புவெளியில், உரிமை லெஸ்டரில். எனக்கும் இது சரியாகப் படவில்லை.

உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோதே அந்த 72 மணி நேரம் முடிந்திருக்கும். அதற்குள் இன்னொரு டொக்டரும் பரிந்துரைத்திருந்தால் அது 2ஆம் பிரிவாக மாறும். 28 நாள், மகன் ஆஸ்பத்திரிக்குள் போன முதல் நாளிலிருந்தே எண்ண வேண்டும். இந்தப் பிரிவில் சம்மதமில்லாமலும் மருந்து கொடுக்கலாம். முதல் 14 நாளுக்குள் மகன் தன்னை வெளியே விடச் சொல்லித் தீர்ப்பாயத்துக்கு மனுப் போடலாம். மகளும் 72 மணி நேர முன்னறிவித்தல் எழுதிக் கொடுத்து விடுவிக்கச் சொல்லலாம், டொக்டர் அதைத் தடுக்கவும் முடியும். மூன்று கிழமை நித்திரையில்லாத பிள்ளைக்காக அந்தக் கடிதத்தை அவசரப்பட்டு எழுதச் சொல்லி மகளை நெருக்காதீர்கள்.

இன்றைக்கே மகளிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: இப்போது எந்தப் பிரிவு, உள்ளே எடுத்தது எந்தத் திகதி. 14 நாள் எப்போது முடிகிறது என்று கலண்டரில் குறித்து வையுங்கள்.