ஈ-டோல் கட்டியவன் ஏமாளியா?

கேள்வி: ஐயா, நாங்கள் தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறோம், எனக்கு வேலை பிரிட்டோரியாவில். எங்கள் கௌடெங் மாகாண நெடுஞ்சாலைகளில் ஈ-டோல் என்ற மின்னணுச் சாலைக் கட்டணம் இருந்த காலம் முழுக்க மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினேன். எதிர்வீட்டுக்காரர் பில்லைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கட்டியது திரும்பக் கிடைக்குமா? வண்டியில் ஒட்டியிருக்கும் கட்டண டேக்கை எறிந்துவிடலாமா? சாலையை முதலிலேயே வரிப்பணத்தில் போட்டிருந்தால் இந்த வம்பே வந்திருக்காதே?

பதில்: டேக்கை எறிந்துவிடாதீர்கள். காவடிக்கோ கல்யாணத்துக்கோ டர்பன் போனால் என்3 நெடுஞ்சாலை நெடுக டி ஹுக், வில்கே, துகேலா, மூய் ரிவர், மரியன்ஹில் என்று ஐந்து சுங்கச்சாவடி. அங்கே அதே டேக் செல்லும். ஈஸ்டர் நேரத்தில் சாவடி வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பணத்தை மறந்துவிடுங்கள். 2013 டிசம்பர் 3 அன்று தொடங்கிய வசூல் 2024 ஏப்ரல் 11 நள்ளிரவோடு நின்றது, அவ்வளவுதான். 'ஈ-டோல் பணம் திருப்பித் தருகிறோம், வங்கி விவரம் அனுப்புங்கள்' என்று குறுஞ்செய்தி வந்தால் உடனே அழித்துவிடுங்கள். எதிர்வீட்டுக்காரர் தப்பித்ததற்கும் காரணம் உண்டு. பழைய பாக்கியைத் துரத்துவதை தேசிய சாலை நிறுவனமான சான்ரால் 2019 மார்ச்சிலேயே நிறுத்தி வைத்துவிட்டது.

சரி, வரிப்பணத்தில் போட்டிருக்கலாமே என்ற கேள்விக்கு வருவோம். பாதி ஒத்துக்கொள்கிறேன். என்3 சாவடியில் தடுப்புக்கட்டை இருக்கிறது. காசு வைத்தால்தான் தூக்குவான். கௌடெங்கில் இருந்தது கேமராவும் பில்லும் மட்டும். கட்டாதவனை நிறுத்த ஆளில்லை. தினமும் வேலைக்குப் போகிறவனுக்கு அந்தச் சாலையை விட்டால் நெரிசலான ஊர்ச்சாலைதான். மினிபஸ் டாக்சிக்கு விலக்குக் கொடுத்தார்கள், அது நியாயம். ஆனாலும் மக்கள் மசியவில்லை. 'பெட்ரோலில்தான் வரி பிடிக்கிறீர்களே' என்றார்கள். லிட்டருக்குச் சுமார் 4 ராண்ட் பொது எரிபொருள் வரி போவது உண்மைதான். ஆனால் அது சாலைக்கென்று ஒதுங்கி நிற்பதில்லை, அரசின் பொதுக் கஜானாவில் கலந்துவிடுகிறது.

மீதிப் பாதியில்தான் எனக்கு நெருடல். 2022 அக்டோபரில் நிதியமைச்சர் கொடோங்வானா அறிவித்த கணக்குப்படி, ஈ-டோல் சாலைகளைப் போட வாங்கிய கடனில் 70 சதவீதம் மத்திய அரசுக்கு, 30 சதவீதம் கௌடெங் மாகாணத்துக்கு. மத்திய அரசுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் கார் இல்லாத ஒரு பாட்டி வாங்கும் பருப்புக்கு வாட் இல்லை, சோப்புக்கு 15 சதவீதம் உண்டு. ஜோஹன்னஸ்பர்க் சாலையைக் கண்ணால் பார்க்காத அவரும் அதற்குக் கட்டுகிறார். அவர் ஊர் என்2 நெடுஞ்சாலைச் சாவடியோ இன்னும் வசூலித்துக்கொண்டுதான் இருக்கிறது! அப்புறம் எப்படி வரி மட்டும் நியாயம் என்பது?

என்னைக் கேட்டால், டர்பன் துறைமுகத்துச் சரக்கு லாரிகள் ஓடித் தேய்க்கிற என்3 போன்ற சாலைக்கு டோல் இருக்கட்டும், லாரிக்குக் கூடுதலாகவே இருக்கட்டும். ஊருக்குள் வேலைக்குப் போய்வரும் சாலைக்கு வரிப்பணம். ஆனால் அதில் பெரும்பங்கை அந்த மாகாணமே சுமக்க வேண்டும்.

எதிர்வீட்டுக்காரர்மேல் ரொம்பக் கோபப்படாதீர்கள். அந்த 70 சதவீதத்தில் அவர் வரியும் போகிறது. உங்களுடையதும் போகிறது, என்ன, உங்களுக்கு அது இரண்டாம் தடவை.