நாலு வீட்டை விட்டுவிட்டு ஒரே வீட்டில் தங்கி வேலை பார்க்கப் போகலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. சென்னையில் பத்து வருடமாக நாலு வீட்டில் வேலை செய்கிறேன். காலை ஆறரைக்குப் போனால் ஒன்றரை மணிக்குத் திரும்பிவிடுவேன், ஞாயிறு லீவு, எல்லாம் சேர்த்து மாதம் 16,500 வருகிறது. அதில் ஒரு வீட்டு ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மகள் வெளிநாட்டில் இருக்கிறார். "அக்கா, நீங்க இங்கயே தங்கி அப்பாவைப் பாத்துக்குங்க, சாப்பாடு போட்டு 22,000 தரேன்" என்கிறார். மற்ற மூன்று வீட்டையும் விட வேண்டும். என் மகள் காலேஜ் முதல் வருடம் படிக்கிறாள். போகலாமா?

பதில்: போகலாம் அம்மா, ஆனால் அந்தப் பெண் சொன்ன மாதிரியே "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போகக் கூடாது. நான் நர்ஸாக இருந்து, அப்புறம் வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள். இந்த வேலையில் சண்டை வந்து நின்ற வீடுகளை யோசித்துப் பார்த்தால், சம்பளத்தால் வந்த சண்டை குறைவு, ராத்திரியால் வந்ததுதான் அதிகம்.

முதலில் கணக்கு. இப்போது நீங்கள் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம், மாதம் 26 நாள் உழைக்கிறீர்கள், மணிக்கு 90 ரூபாய் விழுகிறது. தங்கி வேலை பார்த்தால், எட்டு மணி நேரம் தூங்கியது போக மீதி 16 மணி நேரம், முப்பது நாள் என்று போட்டாலும் மணிக்கு 46 ரூபாய்தான். அந்த எட்டு மணி நேரமும் நீங்கள் நிஜமாகவே தூங்கினால்தான் இந்தக் கணக்கு. பக்கவாதம் வந்தவர் ராத்திரியில் இரண்டு மூன்று தடவை சிறுநீருக்குக் கூப்பிடுவார், தானாகப் புரள முடியாதவராக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கவும் வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். பத்து நாள் இப்படித் தூக்கம் கெட்டால் பதினோராவது நாள் நீங்களே அவரைத் தூக்கும்போது தடுமாறி விழுவீர்கள். சாப்பாடு மிச்சம்தானே என்பார்கள். உங்கள் ஒருவர் சாப்பாடு மிச்சம், சரி, வீட்டில் அடுப்பு எரியத்தானே வேண்டும்?

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் காலை எட்டு முதல் ராத்திரி எட்டு வரை என்று கேட்பேன், ராத்திரிக்கு வேறு ஆள் அல்லது சொந்தக்காரர் யாராவது. உங்கள் மகளும் வீட்டில் தனியாகப் படுக்க வேண்டாம். அவர்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை, தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வாரத்தில் ஒரு முழு நாள் லீவு, அது மகளைப் பார்க்க வீட்டுக்குப் போகும் லீவு, பகலில் இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாத ஓய்வு, உங்களுக்கென்று கதவு சாத்திக்கொள்ளும் ஓர் இடம், இந்த மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். ஹாலில் பாய் போட்டுப் படுங்கள் என்றால் அது வேண்டாம்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நாலு வீட்டில் ஒரு வீடு போனால் மூன்று வீடு மிச்சம் இருக்கும். இந்த வேலை ஒரே ஓர் உயிரை நம்பி நிற்கிறது. என்னிடம் பயிற்சி எடுத்த ஒருவர் இரண்டு வருடம் ஒரு பாட்டியைத் தாய் மாதிரி பார்த்தார். பாட்டி இறந்தார், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார், கையில் அந்த மாதத்து அரைச் சம்பளம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, யாரும் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் இப்போதே பேசுங்கள். ஐயாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, அங்கே கூட இருக்கப் போவது யார், மகள் அவரைத் தன்னோடு அழைத்துப் போனாலோ அவருக்கு ஏதாவது ஆனாலோ ஒரு மாதச் சம்பளம் தருவார்களா? கேட்கச் சங்கடமாக இருக்கும். "நான் மூணு வீட்டை விட்டுட்டு வரேன்மா, அதனால கேக்குறேன்" என்று சொல்லுங்கள், நியாயமானவர்களுக்குப் புரியும்.

அடுத்தது குளிப்பாட்டுவது. ஆண் நோயாளியைக் குளிப்பாட்ட, டயப்பர் மாற்ற உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் முடியாது என்று சொல்லலாம், அதில் தப்பே இல்லை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஆண் அட்டெண்டர் வந்து அதை மட்டும் முடித்துவிட்டுப் போகிற வீடுகள் உண்டு. இன்சுலின் ஊசி, மூக்கு வழி டியூபில் உணவு கொடுப்பது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது எல்லாம் நர்ஸ் வேலை. "ஒரு தடவை பாத்தா பழகிடும்" என்று யாராவது சொன்னால் அதைத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள், நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் பழி உங்கள் மேல்தான் விழும். சொந்தக்காரர்கள் பத்து பேர் வந்தால் சமைப்பது யார் என்பதையும் கேட்டு வையுங்கள். நோயாளியைப் பார்க்கப் போனவர் மூன்றாம் மாதம் அந்த வீட்டுச் சமையல்காரராகி இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வலது பக்கம் விழுந்தவர் என்றீர்கள், அதனால் சில விஷயம். அந்த வலது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ ஒருபோதும் தூக்காதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும், பிறகு வலியில் பிசியோதெரபிக்கே ஒத்துழைக்க மாட்டார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலியை அவருடைய நல்ல பக்கம், அதாவது இடது பக்கம் போடுங்கள். சட்டை மாட்டும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். இதை மாற்றிச் செய்து பார்த்தால் ஐந்து நிமிட வேலை பதினைந்து நிமிடமாகும். சாப்பாடு நிமிர்ந்து உட்கார வைத்துத்தான், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறார் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், கூழ் பதத்தைவிடத் தண்ணீர்தான் சீக்கிரம் புரையேறும். சாப்பிட்டு முடித்ததும் வலது கன்னத்துக்குள் பருக்கை தங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அவருக்கே அது தெரியாது. தினமும் பின்பக்கம், குதிகால் இரண்டையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால் அது புண்ணுக்கு ஆரம்பம்.

திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கையோ காலோ புதிதாகத் துவண்டாலோ ஐயாவின் மகளுக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், முதலில் 108. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள். ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசி போடுவதாக இருந்தால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அந்த நேரத்தைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.

ஒரு நோட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, என்ன சாப்பிட்டார், மலம் போனாரா, யார் வந்து போனார்கள், கடைக்கு எவ்வளவு செலவு, எல்லாம் அதில். எழுத வராவிட்டால் உங்கள் மகளை வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டு டிக் அடியுங்கள். தினமும் ஒரு போட்டோ எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்புங்கள். ஐயாவின் ஏடிஎம் கார்டு, பீரோ சாவி இரண்டையும் வாங்கவே வாங்காதீர்கள், நம்பித்தான் கொடுத்தாலும் சரி. நகை காணோம் என்றால் முதல் பார்வை யார் மேல் விழும் என்று உங்களுக்குத் தெரியும். ஆதாரில் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். சம்பளம் பேங்கில் போடச் சொல்லுங்கள், பேசியதை எல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு தடவை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், பின்னால் அதுவே சாட்சி.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. இதுவரை பதியவில்லை என்றால் உடனே பதியுங்கள், மகள் படிப்புக்கே உதவித்தொகை உண்டு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. பேங்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிற விபத்துக் காப்பீடும், 436 ரூபாய் பிடிக்கிற ஆயுள் காப்பீடும் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 2 லட்சம். ஆயுள் காப்பீட்டில் 50 வயதுக்குள்தான் சேர முடியும், தள்ளிப் போடாதீர்கள். அந்த வீட்டுக்கு வந்து போகிற யாராவது தப்பாக நடந்தால் 181-க்குப் போன் செய்யுங்கள். பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டத்தில் வீட்டு வேலை செய்பவர்களும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம்.

மற்ற மூன்று வீட்டையும் இந்த வாரமே விட்டுவிடாதீர்கள். ஊருக்குப் போகும்போது பதிலுக்கு ஆள் விடுவோமே, அந்த மாதிரி உங்கள் தெருவில் நம்பிக்கையான ஒருத்தியை ஒரு மாதத்துக்கு விடுங்கள், ஒரு மாதத்துக்கு மட்டும்தான் என்று அவளிடமும் அந்த வீட்டுக்காரர்களிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐயா வீட்டில் முப்பது நாள் இருந்து பார்த்துவிட்டு, முதுகும் தூக்கமும் தாங்குகிறதா என்று தெரிந்த பிறகு மற்ற வீடுகளுக்குப் பதில் சொன்னால் போதும்.